இருக்கை உயரம் இருபது அங்குலம்

"இன்னையிலிருந்து, போன்ல வாங்கின பொருள் ஒண்ணுகூட இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டி உள்ள வரக் கூடாது!"

கூடத்தின் நடுவில் நின்று, சுட்டுவிரலை மேலே தூக்கி, 'உட்காருங்க சார்' என்று ஊரார் கூப்பிடுகிறவர் இப்படி ஒரு சபதம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததால் விரலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொண்டார்.

மனைவி செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரிங்க."

"என்ன சரிங்க? நான் எவ்வளவு பெரிய விஷயம் சொல்லியிருக்கேன்!"

"இனிமே வரக் கூடாதுன்னீங்க. சரின்னேன். ஏற்கெனவே வந்ததை என்ன பண்றது?"

"ஏற்கெனவே எது வந்திருக்கு?"

"உங்க கால்ல இருக்கிற செருப்பு."

உட்காருங்க சார் குனிந்து செருப்பைப் பார்த்தார். எட்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிற செருப்பு. இவ்வளவு வசதியான செருப்பு வாழ்நாளில் வாய்த்ததில்லை என்று அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"இதைக் கடைத்தெருவிலதானே வாங்கினே?"

"கடைத்தெருன்னுதான் சொன்னேன். எந்தக் கடைத்தெருன்னு நீங்க கேக்கலை."

அவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளினார்.

"போட்டிருக்கிற சட்டையும்தாங்க."

சட்டையின் முதல் பொத்தானுக்குக் கை போனது. பிறகு, சபதத்துக்கும் ஒரு அளவு உண்டு என்று திரும்பி வந்துவிட்டது.

"அப்புறம் அந்த மின்விசிறி," என்றாள் மனைவி, பக்கத்தைப் புரட்டியபடி. "அதை நிறுத்திடட்டுமா?"

வெயில் காலம். உட்காருங்க சார் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவருடைய பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு பெரிய மரச்சாமான் கடையின் தலைமை விற்பனையாளர். முப்பத்தொரு வருட அனுபவம். கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "உட்காருங்க சார்!" பெண்கள் வந்தால் "உட்காருங்கம்மா!" விலையை அப்புறம் பேசுவார். மரம் என்ன மரம் என்பதையும் அப்புறம்தான் சொல்வார். முதலில் உட்கார வேண்டும். உட்கார்ந்தவரின் முதுகையும் முழங்காலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது வேண்டாம், அதோ அந்தக் கடைசி வரிசையில மூணாவது" என்பார். அந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். வாசலில் ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே அவருக்கு எத்தனை அங்குல உயரத்தில் இருக்கை வேண்டும் என்று கால் அங்குலம் பிசகாமல் சொல்லிவிடுவார். ஊரில் பாதிப் பேருடைய முதுகுவலி இவர் தயவில் போயிருக்கிறது.

அப்படிப்பட்டவருக்கு முந்தின நாள் சனிக்கிழமை ஒரு அவமானம் நடந்துவிட்டது.

ஒரு கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். பதினோரு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். குடித்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலியில் கணவர் சாய்ந்து உட்கார்ந்து, "ஆஹா!" என்றார். உட்காருங்க சார் பில் புத்தகத்தை எடுக்கப் போனார். திரும்பி வந்தால், அந்த மனிதர் நாற்காலியில் தொங்கிய விலைச் சீட்டைப் போனில் படம் பிடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே இதே மாதிரி நாற்காலியை வேறு எங்கோ ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார்!

"அங்க வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க சார்," என்றார் எழுந்தபடி. "ஆனா உங்க உதவிக்கு ரொம்ப நன்றி. அஞ்சு நட்சத்திரம்!"

இது போதாதென்று, கடையை மூடும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். முதலாளி இளைஞர். பழைய முதலாளியின் மகன். இவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, நாமளும் இணையத்துல விக்கப் போறோம். கீழ்த்தளத்தை அதுக்கே ஒதுக்கியாச்சு. நீங்கதான் பொறுப்பு. ஒவ்வொரு நாற்காலிக்கும் படம், அளவு, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, எல்லாம் நீங்க சொல்லி எழுதணும். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாதுண்ணே."

"உட்காராம நாற்காலி வாங்கறதா? தம்பி, மிட்டாய்க்கடைக் கண்ணாடிக்கு வெளியில நின்னு சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

"மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளைத்தான் போடணும். நேர்ல விக்கிற மேல்தளத்துக்கு இப்பவே ஆள் அதிகம்ணே."

கடைசி வாக்கியத்தை முதலாளி மெல்லத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் உட்காருங்க சார் கலங்கிப்போனார். அந்தக் கலக்கம்தான் ஞாயிற்றுக்கிழமை காலை சபதமாக வெளியே வந்தது.

முதலாளி கேட்டதையும் தான் மறுத்ததையும் மனைவியிடம் சொன்னார். செய்தித்தாள் மடிந்தது.

"போக வேண்டியதுதானே?"

"உனக்குத் தெரியாது. நாற்காலிங்கிறது..."

"எனக்கா நாற்காலியைப் பத்தித் தெரியாது?" என்றாள் மனைவி.

இந்த இடத்தில் உட்காருங்க சார் கொஞ்சம் வேறு பக்கம் பார்த்தார். அதற்குக் காரணம் உண்டு.

அவர் நெடிய மனிதர். மனைவி அவர் தோளுக்குக் கீழே நிற்பாள். வீட்டிலிருந்த நாற்காலிகள் எல்லாம் அவர் தன் கடையிலிருந்து, தனக்குப் பிடித்துக் கொண்டுவந்தவை. எதில் உட்கார்ந்தாலும் மனைவிக்குக் கால் தரையைத் தொடாது. அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, அவர்கள் பேச்சை முடிப்பதற்குள் உள்ளே அனுப்பிவிடுவது அவள் வேலை. அங்கேயும் உயரமான முக்காலி. அங்கேயும் தொங்கும் கால். மாலையில் வீட்டுக்கு வரும்போது இரண்டு பாதமும் வீங்கியிருக்கும். ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் பாதத்தை வைத்துக்கொள்வாள்.

தரையில் கால் பதிகிற மாதிரி தனக்கென்று ஒரு நாற்காலி. அவள் கேட்டது அவ்வளவுதான். கேட்க ஆரம்பித்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது.

முதலில் கேட்டபோது இணையம் என்ற சொல்லே வீடுகளில் புழங்கவில்லை. வீடு தேடி வரும் வியாபாரம் அப்போது தபாலில் நடந்தது. கம்பெனிகள் படம் போட்ட பட்டியல் புத்தகம் அனுப்பும். வேண்டியதைக் குறித்து, ஓரத்தில் இருக்கிற கூப்பனைக் கத்தரித்து அனுப்பினால், மூன்று வாரமோ ஐந்து வாரமோ கழித்துப் பொட்டலம் வரும். மனைவி அப்படி ஒரு புத்தகத்தில் ஒரு குட்டை நாற்காலியைக் கண்டாள். கூப்பனைக்கூடக் கத்தரித்துவிட்டாள்.

"படத்து மேல உட்கார முடியுமா?" என்று கேட்டார் கணவர். "எங்க கடைத் தச்சர்கிட்டயே சொல்லிச் செய்யச் சொல்றேன். அடுத்த மாசம்."

பிறகு தொலைக்காட்சியில் விற்றார்கள். ஒருவர் அரை மணி நேரம் விடாமல் காய்கறி நறுக்குவார், கீழே தொலைபேசி எண் ஓடும். ஒருநாள் அதில் ஒரு நாற்காலி வந்தது. "அந்த வெளிச்சத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும். அடுத்த மாசம் தச்சர்கிட்ட சொல்றேன்," என்றார்.

பிறகு பல் மருத்துவமனைக்குக் கணினி வந்தது. தொலைபேசிக் கம்பியில் அதைச் சேர்த்தால், பல் பிடுங்கும் சத்தத்தைவிடக் கொடுமையாகக் கீச்சிட்டுவிட்டு வெளி உலகத்தோடு பேசும். கணினிக்குள் கடை திறந்த ஆரம்ப காலத்து ஆட்களில் சிலர் புத்தகம் விற்றார்கள் என்று மனைவி வந்து சொன்னாள்.

"ஏன் புத்தகம்?"

"எங்க வாங்கினாலும் அதே புத்தகம்தானே? தொட்டுப் பாக்க வேண்டியதில்ல. பேரைச் சொன்னா போதும். உடையாது, கெடாது, தபால்ல அனுப்பறதும் சுலபம்."

"பாத்தியா! நாற்காலி அப்படி இல்ல!"

அன்றைக்கு அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை அப்படியே இருபது வருடம் வைத்துக்கொண்டார்.

கணினியில் வங்கி அட்டை எண்ணைப் போட்டால் திருடிவிடுவார்கள் என்றார். எண்ணைப் பூட்டி அனுப்ப வழி கண்டுபிடித்து, திரையில் குட்டிப் பூட்டுப் படமும் போட்டார்கள். முன்பணம் கொடுத்து ஏமாறுவதா என்றார். பொருள் கைக்கு வந்தபிறகு பணம் கொடுங்கள் என்றார்கள். விற்கிறவன் நல்லவனா என்று யாருக்குத் தெரியும் என்றார். வாங்கினவர்களையே அபிப்பிராயம் எழுதச் சொல்லி நட்சத்திரம் போட்டார்கள். பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்றார். திருப்பி அனுப்புங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கணினிக்கு நான் எங்கே போவேன் என்றார். அதைக் கையில் அடங்குகிற போனுக்குள் வைத்துக் கொடுத்தார்கள்.

இவர் ஒவ்வொரு காரணமாகச் சொல்லச் சொல்ல, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ உட்கார்ந்து அந்தக் காரணத்தை ஒழித்துக்கொண்டே வந்தார்கள். தச்சரிடம் சொல்கிற அந்த அடுத்த மாதம் மட்டும் வரவில்லை. தச்சரே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

"எனக்கு நாற்காலியைப் பத்தித் தெரியாதா?" என்று மனைவி மறுபடி கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

"சரி, ஒரு பந்தயம்!" என்றார் உட்காருங்க சார். "உனக்கு ஒரு நாற்காலி. போன்லயே வாங்கறேன். நல்லா இல்லேன்னா, நீ இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாது."

"நல்லா இருந்துட்டா?"

"தம்பி சொல்ற வேலைக்குப் போறேன்."

"நீங்களேதான் ஆர்டர் போடணும். அப்புறம் நான் ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டேன்னு சொல்லக் கூடாது. நான் போனைத் தொடவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மனைவி சொன்ன வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினாள். அதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உட்காருங்க சார் வேலையை ஆரம்பித்தார். போனுக்குள் இருக்கிற அந்தக் கடைத்தெருவில் வீட்டுக்கு ஒரே கணக்கு. மனைவி என்றோ தொடங்கிவைத்தது. கடவுச்சொல்லை அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நாற்காலியின் உயரத்தை நாமே தேர்ந்தெடுக்கும்படி விற்கிற ஒரு கடையை அவர் கண்டுபிடித்தார். மரம், நிறம், கைப்பிடி எல்லாம் குறித்தார். வேலைப்பாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். மர இணைப்புகள் ஒழுங்காக இருந்தன. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த கேள்வி வந்தது. தரையிலிருந்து இருக்கை உயரம்? பதினான்கு அங்குலத்திலிருந்து இருபதுவரை, அரை அரை அங்குலமாக ஒரு பட்டியல்.

அவருடைய கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு மனிதருக்குக்கூடப் பொருந்தாத நாற்காலியை விற்றதில்லை. மழைக்குக் கடை ஓரமாக ஒதுங்கின கிழவருக்குக்கூடப் பொருந்தாததைக் காட்டியதில்லை. ஆனால் நாற்காலி பொருந்திவிட்டால், பந்தயம் போய்விடும். கடையின் கீழ்த்தளத்தில், படம் பிடிக்க முதலாளி வாங்கிப்போட்ட விளக்குகளுக்கு நடுவே, உட்காராத நாற்காலிகளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். 'உட்காருங்க சார்' என்று சொல்ல எதிரே ஒரு மனிதர் இருக்க மாட்டார்.

இருபது என்பதை அழுத்தினார்.

'அருமையான தேர்வு!' என்று பச்சை நிறத்தில் வந்தது. அவருக்கு முகத்தில் அசடு வழிந்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

நாற்காலி வர பத்து நாள் ஆகும் என்றிருந்தது. அந்தப் பத்து நாளும் அவரைப் படுத்தியெடுத்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை மாலை மனைவி வேலையிலிருந்து வந்தாள். வாளியைக் கவிழ்த்தாள். பாதத்தை அதன்மேல் வைத்தாள். காலணியின் வார் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அவர் அதை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறார். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

மனைவி ஆச்சரியமாக நிமிர்ந்தாள். "என்னங்க, உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

"கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம். வழக்கம் இல்லையே, அதான் கேட்டேன். நாற்காலி வந்துடுமில்ல, சரியாப் போயிடும். நீங்க தேர்ந்தெடுத்தது, தப்பா இருக்குமா?"

அவர் சட்டென்று எழுந்தார். குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஆர்டரைத் திறந்து பார்த்தார். 'மாற்று' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை மறுபடி திறந்தார். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே ஒரு நிமிடம் வட்டமடித்தது. கீழ்த்தளத்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. புது அலமாரி அடிக்கிறார்கள். போனை மூடிவிட்டார். சனிக்கிழமை பார்த்தபோது 'மாற்று' பொத்தானைக் காணோம். அந்த இடத்தில், 'உங்கள் நாற்காலி தயாராகிவிட்டது. நாங்களும் மகிழ்கிறோம்!' என்று ஒரு சிரிக்கும் முகம்.

அன்று அவர் ஐந்து பேரை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். ஐந்து பேரும் நின்றபடியே பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நாற்காலி புதன்கிழமை வந்தது. அதற்காகவே அவர் கடைக்கு விடுப்புப் போட்டிருந்தார். மனைவியும் அன்று அரை நாள் விடுப்புப் போட்டிருந்தாள். பெரிய அட்டைப் பெட்டியைச் சுமந்துவந்தவர் வாசலில் இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"ரகசிய எண் சொல்லுங்க சார்."

"என்ன எண்?"

"போன்ல வந்திருக்கும் சார், நாலு இலக்கம். சொன்னாத்தான் கொடுக்கலாம்."

உட்காருங்க சார் தன் போனைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து மனைவியின் குரல் நான்கு இலக்கங்களைச் சொன்னது. வந்தவர் குறித்துக்கொண்டு பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தன் ஆர்டருக்கு எண் ஏன் மனைவியின் போனுக்கு வருகிறது என்று அவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவருக்கு இருந்த பதற்றத்தில் யோசிக்கத் தோன்றவில்லை.

பெட்டியைப் பிரித்தார். நாற்காலியைத் தூக்கிக் கூடத்தில் வைத்தார். வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உட்காருங்கன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"உட்காரு," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க அவருக்குப் பயம். கால் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறதோ! கடைசியில் திரும்பினார்.

இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. குதிகால், விரல்கள், எல்லாம். அவள் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒருவர் இப்படி உட்காருவதை அவர் கடையில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். தன் வீட்டில் இதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்குங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அளவு நாடாவை எடுத்து, மெல்லக் குனிந்து, நாற்காலிக் காலின் ஓரமாக வைத்துப் பார்த்தார். பதினாலரை அங்குலம். கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். பதினாலரைதான்.

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கதவைச் சாத்தி, நாற்காலி விற்ற கடையின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் பேசினாள்.

"வணக்கம் சார், நான் எப்படி உதவலாம்?"

"ஒரு புகார்," என்றார் தாழ்ந்த குரலில்.

"சொல்லுங்க சார். பொருள் உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"கீறலா?"

"இல்லம்மா."

"அளவு பொருந்தலையா?"

"பொருந்திடுச்சு! அதான் புகார்!"

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம். அளவு சரியா இருக்குன்னு புகார் பண்றீங்களா?"

"நான் கேட்டது இருபது. நீங்க அனுப்பினது பதினாலரை. கேட்டதைத்தானே அனுப்பணும்?"

"அப்ப திருப்பி எடுத்துக்கிட்டு இருபது அனுப்பட்டுமா சார்?"

"வேணாம் வேணாம் வேணாம்!" என்று கத்திவிட்டு, உள்ளே கேட்டிருக்குமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். "எப்படி மாறிச்சுன்னு மட்டும் சொல்லும்மா."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், நாற்காலிக் காலை அறுத்துட்டா மறுபடி நீட்ட முடியாதில்ல? அதனால அறுக்கறதுக்கு முன்னாடி எல்லா வாடிக்கையாளருக்கும் போன் பண்ணி அளவை உறுதிப்படுத்திப்போம். வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்கோம். கணக்குல பதிவான எண்ணுக்கு. ஒரு மேடம் பேசியிருக்காங்க. இங்க குறிப்பு இருக்கு, படிக்கட்டுமா?"

"படி."

"'இருபது என்பது வீட்டுக்காரர் போட்ட அளவு. உட்காரப் போவது நான். பதினாலரை போடவும். அவராகக் கேட்கும்வரை அவரிடம் சொல்ல வேண்டாம்.' இப்ப நீங்களா கேட்டுட்டீங்க சார், அதனால சொல்லிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு உதவி வேண்டியிருந்தது. ஆனால் அது அந்தப் பெண்ணால் ஆகக்கூடியது இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றார். கீழே தெருவில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவர் அடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மனைவி அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது.

"கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்."

"நான் போனைத் தொடலை. அது அடிச்சுது, எடுத்தேன்."

"ஆமாம்."

"ஒரே ஒரு கேள்விதாங்க. இருபதுன்னு தெரியாம போட்டீங்களா, வேணும்னே போட்டீங்களா?"

உட்காருங்க சார் இரண்டையும் மனதுக்குள் எடைபோட்டுப் பார்த்தார். வேண்டுமென்றே என்றால், பந்தயத்துக்காகக் கட்டின மனைவியின் காலைத் தொங்கவிடப் பார்த்தவன். தெரியாமல் என்றால், ஊரார் முழங்காலையெல்லாம் அறிந்து, வீட்டிலிருப்பவள் முழங்காலை அறியாதவன். எந்தப் பக்கம் போனாலும் மூக்கு உடையும். உண்மையைச் சொல்லியாவது உடைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

"வேணும்னேதான்," என்றார். "மாத்தலாம்னு ரெண்டு நாள் பாத்தேன். மாத்தலை. தப்பு என் மேலதான்."

மனைவி நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்படின்னா ஒரு வகையில நல்லதாப் போச்சு."

"நல்லதா?"

"வேணும்னே தப்பாப் போட்டீங்கன்னா, சரியானது எதுன்னு உங்களுக்குத் தெரியும்னுதானே அர்த்தம்? அதுவே போதுங்க எனக்கு. சொல்லுங்க. என் அளவு என்ன?"

வாசலில் நடந்து வருகிறவர்களைப் பார்த்தே சொல்கிறவர் அவர். எதிரே இருந்தவளைப் பார்த்தார். நாற்காலியின் உயரம் பதினாலரை என்று இப்போதுதான் அளந்திருக்கிறார். அதைச் சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நாடா வெக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருந்தா," என்றார் மெதுவாக, "பதினாறுன்னு சொல்லியிருப்பேன்."

"பதினாறா?"

"ஆமாம்."

"அப்ப நீங்க நியாயமாவே போட்டிருந்தாலும் என் கால் தொங்கித்தான் இருக்கும்."

அவள் சிரித்தாள். அவரும் கூடச் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. கூப்பனைக் கத்தரித்த நாளில் ஒரு தரம் நாடாவை எடுத்திருந்தால் அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை அவர் இருபத்தொன்பது வருடமாக அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்.

"சரி, பந்தயம்?" என்றாள் மனைவி.

"தோத்துட்டேன். தம்பிக்குப் போன் பண்றேன்."

கையிலிருந்த போனிலேயே முதலாளியைக் கூப்பிட்டார். தோற்றதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, அந்தக் கீழ்த்தள வேலை விஷயம். நல்லா யோசிச்சுப் பாத்தேன். கடை நலனை நெனச்சு, நானே ஏத்துக்கலாம்னு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்."

"என்னண்ணே, புதுசா சொல்றீங்க? அண்ணி வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்களே!"

"வெள்ளிக்கிழமையா?"

"நீங்க ஒத்துக்கிட்டீங்க, சொல்றதுக்குத்தான் கூச்சப்படறீங்கன்னாங்க. மேசையெல்லாம் போட்டாச்சுண்ணே. நாள் பூரா உட்கார்ந்து எழுதணும், அண்ணனுக்கு நாற்காலி என்ன உயரத்துல செய்யச் சொல்லட்டும்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, பத்தொம்பதேகால்னு சொன்னாங்க. சரிதானேண்ணே?"

உட்காருங்க சாருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் தன்னையும் அளந்து பார்த்ததில்லை.

"அளந்து பாத்துச் சொல்றேன் தம்பி," என்றார்.

"அளக்க வேணாங்க," என்றாள் மனைவி, தரையில் பதிந்த காலை எடுக்காமல். "அது சரியாத்தான் இருக்கும்."